ஓரத்தில் இருந்த சீப்பு

பழைய படக்கதைப் புத்தகங்களுக்குத் தரம் பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். இந்தக் கதையில் வருகிறவர் ஓர் ஏல நிறுவனத்தின் இரண்டாம் மாடியில் முப்பத்தொரு வருடம் அந்த வேலையைப் பார்த்தவர். ஒரு புத்தகத்துக்கும் பத்து போட்டதில்லை. அதிகபட்சம் ஒன்பதரை; அதுவும் இரண்டே தடவை. அதனால் வாசல் காவலாளி முதல் முதலாளி வரை அவருக்கு ஒரே பெயர்தான், ‘ஒன்பதரை’. முகத்துக்கு நேரே ‘சார்’. மாடிப்படி ஏறிப் போனதும் ‘ஒன்பதரை வந்தாச்சு’.

அவருக்கும் அது தெரியும். அவர் மனைவிக்கும் தெரியும். “கல்யாணத்தன்னிக்கு என்னைப் பாத்து எவ்வளவு போட்டீங்க?” என்று அந்தம்மா ஒருமுறை கேட்டதற்கு, “வெளிச்சம் சரியில்ல, அதனால போடல” என்றாராம். இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

வேலையில் இறங்கும்போது கையுறை போடமாட்டார். சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, ஐந்து நிமிடம் காற்றில் ஆறவிட்டுப் பிறகுதான் புத்தகத்தைத் தொடுவார். முதலில் மோந்து பார்ப்பார். ஈரத்தில் கிடந்ததை மூக்கு சொல்லிவிடும். பிறகு முதுகு மடிப்பு, கம்பித் தையலில் துரு, நான்கு மூலைகள், தாளின் நிறம். கடைசியாகப் பக்கங்களை எண்ணுவார். எந்தக் காலத்திலோ ஒரு பையன் பரிசுக் கூப்பனை வெட்டி அனுப்பியிருந்தால், மற்றதெல்லாம் பொன்னாக இருந்தாலும் இரண்டு மார்க்தான். “அப்பா பெட்டியில பூட்டி வச்சிருந்தாரு சார், கண்ணாடி மாதிரி இருக்கு” என்று யாராவது சொன்னால், “கண்ணாடிக்கு நான் மார்க் போடறதில்ல” என்பார். கறுப்புப் பேனாவால் முதுகு வெடிப்பை மறைத்துக் கொண்டுவருகிறவர்களின் கைவேலையைப் புற ஊதா விளக்கில் பிடித்துவிடுவார். அவர் சான்றிதழின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: ‘கைவேலை ஏதும் இல்லை.’ அந்த வரியும் அவர் கையெழுத்தும் இருந்தால் வாங்குகிறவர்கள் பிரித்துப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

பார்த்ததை எல்லாம் பதிவேட்டில் எழுதுவார். நீளம், அகலம், எங்கே மடிப்பு, எங்கே கறை, என்ன எழுத்து. இப்படி நாற்பத்திரண்டு பதிவேடுகள். நிறுவனத்தில் வைக்க இடமில்லை என்றதால் வீட்டு அலமாரியில் இருந்தன. “வேற வீட்டுல நகை பத்திரமா இருக்கும், நம்ம வீட்டுல கறை பத்திரமா இருக்கு” என்பாள் மனைவி.

அவருக்கு அறுபத்தேழு வயதான வருடம் பல் டாக்டர் ஒரு கண்காட்சி வைத்தார். பல் டாக்டர் என்றால் பல் பிடுங்குகிற டாக்டரேதான்; ஆனால் சம்பாதித்ததை எல்லாம் படக்கதையில் போட்டவர். பெரியவர் என்று எல்லோரும் அழைத்த, காலமாகிவிட்ட ஓர் ஓவியரின் மூலப் படங்கள் அவரிடம் இருந்தன. ஒரே கதை, நாற்பத்தாறு பக்கம். ஒரு கை இழந்த கப்பல் தலைவன் தன் மகளைத் தேடிப் போகிற கதை. முதல் பக்கத்தில் தொடங்குகிற மழை கடைசிப் பக்கம் வரை விடாது. படித்தவர்கள் கப்பல் தலைவனை மறந்தாலும் மழையை மறக்க மாட்டார்கள். அந்தப் பக்கங்களைப் பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஏலத்தில் பல் டாக்டர் எடுத்தது ஒன்பதரையின் சான்றிதழை நம்பித்தான். அதனால் திறப்பு நாளுக்கு அழைப்பு வந்தது.

அழைப்பிதழைப் பார்த்த அவருடைய அக்கா, “என்னையும் கூட்டிட்டுப் போடா” என்றாள். அக்காவுக்கு எழுபத்தாறு. அவளாக எதையும் கேட்கிற ஆளில்லை. சரி என்று ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனார். பாதி வழியில் அக்கா, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு சொன்னாள்: “அந்த மழையைப் போட்டது நான்டா.”

“எந்த மழை?”

“அந்தக் கதையில வர்ற மழை. பெரியவரு பென்சில்ல உருவம் மட்டும் போட்டுக் குடுத்துட்டுப் போயிடுவாரு. மை போடறது நாங்க மூணு பேரு. அப்பாகிட்ட உறை ஒட்டற வேலைன்னு சொல்லியிருந்தேன். ஆம்பளைங்களோட உக்காந்து படம் போடறேன்னு சொன்னா விட்டிருப்பாரா? ஏழு வருஷம் உறை ஒட்டினேன், போ.”

அந்த ஏழு வருடமும் அவர் பள்ளிக்கூடப் பையன். அக்கா சாயந்திரம் விரல் நுனி கறுத்து வருவாள். பசையில் மை கலந்திருக்கும் போல என்று நினைத்திருக்கிறார். அவ்வளவுதான். அவரும் பிறகு ஓர் அச்சகத்தில் தாள் எண்ணும் வேலைக்குப் போய், அங்கிருந்து பழைய புத்தகக் கடை, அங்கிருந்து ஏல நிறுவனம். அக்கா கல்யாணமாகிப் போனவள், படக்கதை என்ற பேச்சையே எடுத்ததில்லை.

“இத்தனை நாள் ஏன் சொல்லல?”

“சொன்னா யாரு நம்புவா? ஆனா இப்போ பக்கமே மாட்டியிருக்காங்கல்ல. கீழ இடது ஓரத்துல பாரு, நீலப் பென்சில்ல ஒரு குறி இருக்கும். தப்பு வந்தா யாருகிட்ட திருப்பறதுன்னு தெரியணும்னு ஆளுக்கு ஒரு குறி. ஒருத்தரு குடை, ஒருத்தரு மீன். நான் சீப்பு. நீலம் அச்சுல விழாது. ஆனா தாள்ல இருக்கும்.” கொஞ்சம் நிறுத்தி, “என் பேரு அச்சுல வந்தது ஒரே தடவைடா, கல்யாணப் பத்திரிகையில. அடுத்தது ‘காலமானார்’ விளம்பரத்துலதான். நடுவுல ஒரு தடவை வந்தா நல்லா இருக்கும்” என்று சிரித்தாள்.

ஒன்பதரை சிரிக்கவில்லை. ஆட்டோ ஓட்டுநரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். நினைவு அவருக்குப் பிசகாது. நாற்பத்தாறு பக்கம், பதினைந்து அங்குல உயரம், பத்தங்குல அகலம், கீழ் ஓரத்தில் நீலக் குறிகள். ஏலத்துக்கு முன்னால், ஒன்பது மத்தியானங்கள் உட்கார்ந்து, மென்மையான ரப்பரால் ஒவ்வொன்றாக அழித்தவர் அவரே. ஓரத்தில் கிறுக்கல் இருந்தால் எட்டரை, இல்லாவிட்டால் ஒன்பது. தூசி துடைப்பதைக் கைவேலை என்று அந்தக் காலத்தில் யாரும் எண்ணவில்லை; ஓரம் படத்தில் சேர்த்தி இல்லை என்று அவரும் எண்ணிக்கொண்டார். சான்றிதழில் அந்தக் கடைசி வரியையும் வழக்கம்போல எழுதினார்.

அக்கா அதைப் பல் டாக்டரிடம் சொல்லாமல் இருந்துவிட்டால் நன்றாயிருக்கும் என்று அவர் வேண்டிக்கொண்டார். ஆனால் அக்கா கூடத்துக்குள் நுழைந்ததும் நேராக முதல் சட்டத்துக்குப் போனாள். கண்ணாடியை மாற்றிக்கொண்டாள். குனிந்தாள். தாள் முழுதும் தெரியவேண்டும் என்று பல் டாக்டர் ஓரத்தை மறைக்காமல் சட்டம் போட்டிருந்தார். ஓரம் வெள்ளையாக இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. பதினொரு சட்டம் வரை குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பல் டாக்டர் வந்தார். நல்ல மனிதர், அக்கா சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, வலிக்கிற பல்லைத் தொடாமல் பேசுகிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: “அம்மா, இந்தப் பக்கங்களைத் தினம் பாக்கறவன் நான். ஓரத்துல எதுவும் கிடையாது. சார்தான் சர்டிபிகேட் குடுத்தாரு. உங்க தம்பியையே கேளுங்களேன்.”

பின்னால் யாரோ, “பெரியவர் போனதும் போனாரு, அவரு மழைக்குச் சொந்தம் கொண்டாட ஆளாளுக்குக் குடையோட கிளம்பிட்டாங்க” என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

அக்கா திரும்பினாள். “நீ பாத்தியேடா. சீப்பு இருந்துச்சுதானே?”

முப்பத்தொரு வருடம், கேட்ட கேள்விக்கு அரை மார்க் கூடாமல் குறையாமல் பதில் சொன்ன மனிதர், “வீட்டுக்குப் போலாம்க்கா” என்றார்.

ஆட்டோவிலேயே திரும்பினார்கள். அவள் வீட்டு வாசலில் இறங்கும்போது அக்கா, “இடது ஓரமா, வலது ஓரமான்னு இப்போ எனக்கே குழப்பமா இருக்குடா” என்றாள்.

அன்று சாயந்திரமே அவர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். இருபத்தேழாம் பதிவேடு, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் முதல். அவருடைய கையெழுத்து, கம்பி கட்டின மாதிரி வரிசையாக. ‘பக்கம் 1. கீழ் இடது ஓரத்தில் நீலப் பென்சில் குறி, சீப்பு போன்றது, அரை அங்குலம். அழித்துச் சுத்தம் செய்யப்பட்டது. பக்கம் 2. அதே இடத்தில் குறி, குடை போன்றது. அழித்துச் சுத்தம் செய்யப்பட்டது.’ இப்படி நாற்பத்தாறு வரை. கூட்டிப் பார்த்தார். சீப்பு முப்பத்தொன்று, குடை ஒன்பது, மீன் ஆறு. அக்கா சொன்னதில் ஓர் எழுத்துப் பிசகில்லை.

மூடி அலமாரியில் வைத்தார். அதைக் காட்டினால் அக்காவுக்கு வழி பிறக்கும். காட்டினால் அவர் போட்ட நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்தும் சந்திக்கு வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்தார். நாளை என்பது பதினொரு நாள் நீண்டது.

பதினொன்றாம் நாள் காலை அக்காவின் மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். “மாமா, அம்மா ஒரு மாதிரி இருக்காங்க. அடுப்பை அணைச்சேனான்னு நாலு தடவை எழுந்து போய்ப் பாக்கறாங்க. எனக்கு எத்தனை வயசுன்னு என்கிட்டயே கேட்டு சரி பாத்துக்கறாங்க. மறதி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு அவங்களே சொல்லிப் போனோம். டாக்டர் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாரு. அம்மாதான் நம்ப மாட்டேங்கறாங்க.”

“என்ன சொல்றா?”

“‘இல்லாத சீப்பை அம்பது வருஷமா இருக்குன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேனே, வேற என்னல்லாம் இல்லாததோ’ங்கறாங்க.”

அவர் ரிசீவரை வைத்தார். பின்னால் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவிக்கு விஷயம் முழுதும் தெரியும். முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் கத்தியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “புத்தகத்துல ஒரு பக்கம் குறைஞ்சா மோந்தே கண்டுபிடிச்சுடறீங்க. உங்க அக்கா குறைஞ்சுக்கிட்டே வர்றது தெரியலையா?”

பதிவேட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

அக்கா சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். அவர் பதிவேட்டை விரித்து அவள் மடியில் வைத்து, விரலை வரியில் வைத்தார். அவள் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தாள். ஒரு பக்கம் புரட்டினாள். இன்னொன்று. முப்பத்தொரு சீப்பையும் படித்து முடித்தாள்.

“நீயாடா அழிச்ச?”

“ஆமாக்கா. உன்னுதுன்னு அப்போ தெரியாது.”

“அது சரி. தெரியாம செஞ்சது.” பதிவேட்டை மூடினாள். “அழிச்சது கூடப் பரவாயில்லடா. அன்னிக்கு அத்தனை பேரு நடுவுல நான் குனிஞ்சு குனிஞ்சு தேடறேன், நீ பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தியே. அப்போ தெரியும்ல?”

“தெரியும்.”

“அப்புறம் பதினொரு நாள்.”

“பதினொரு நாள்” என்றார் அவரும். கணக்கு சரியாக இருந்தது. அக்கா தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். “குடிச்சுட்டுப் போ, வெயில்ல வந்திருக்க” என்று எழுந்து போனவள், சமையலறை வாசலில், எதற்கு வந்தோம் என்று யோசிக்கிற மாதிரி ஒரு கணம் நின்றதை அவர் பார்த்தார்.

அங்கிருந்து நேரே பல் டாக்டரிடம் போனார். டாக்டர் பதிவேட்டைப் படித்துவிட்டு நெடுநேரம் முகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நான் இதை நம்பறேன். ஏன்னா நீங்க எழுதியிருக்கீங்க. ஆனா வெளியில என்ன சொல்லுவாங்க? அக்காவுக்குத் தம்பி எழுதி வச்ச நோட்டுன்னு சொல்லுவாங்க. நேத்து எழுதுனதுன்னு கூடச் சொல்லுவாங்க.” பிறகு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டு, “என்கிட்ட உங்க சர்டிபிகேட் இன்னும் இருநூறு இருக்கு சார்” என்றார்.

“அதையும் திரும்பப் பாக்கணும்.”

“நீங்களா?”

“வேற யாராவது.”

பிறகு, தொழில் தெரிந்த மனிதராக ஒன்று சொன்னார். பென்சிலை அழித்தாலும் அழுத்தம் போகாது. விளக்கைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்தால், கோடு விழுந்த பள்ளம் நிழலாகத் தெரியும். பல் டாக்டர் நெற்றியில் மாட்டும் தன் விளக்கை எடுத்து வந்தார். கூடத்தைச் சாத்தி, சன்னல்களை மூடி, சட்டங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடித்தார்கள்.

குடை போட்டவர் அழுத்தக்காரர். ஒன்பதில் எட்டு குடை விரிந்து தெரிந்தது. மீன் ஆறும் தெரிந்தது. அக்காவுடையது மெல்லிய கை. அந்த மழைக்கு அந்தக் கைதான் காரணம். கோடு தொடங்குகிற இடமும் முடிகிற இடமும் தெரியாமல் தாள்மேல் இறங்கியிருக்கும். முப்பத்தொரு பக்கத்தில் நான்கில் மட்டும் சீப்பின் பற்கள் நிழலாக விழுந்தன. மற்ற இருபத்தேழிலும் அவர் அவ்வளவு நேர்த்தியாகத் துடைத்திருந்தார்.

“பாக்கறதை வச்சுத்தான் எழுத முடியும் சார்” என்றார் பல் டாக்டர்.

“அதுதான் முறை” என்றார் ஒன்பதரை. முப்பத்தொரு வருடமாக அவரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றே அந்த நாற்பத்தாறு பக்கங்களுக்கும் புதுச் சான்றிதழ் எழுதினார். ஒன்பது இருந்த இடத்தில் ஆறு. கடைசி வரி: ‘கீழ் ஓரத்தில் இருந்த குறிகள் என்னால் அழிக்கப்பட்டன.’ அதன் ஒரு நகலை ஏல நிறுவனத்துக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பத்தாம் நாள் இரண்டு வரியில் கடிதம் வந்தது. மேஜைக்கு வேறு ஆள் பார்த்தாகிவிட்டது, சாவியை ஒப்படைக்கவும். சாவியைக் கொடுக்கப் போனபோது வாசல் காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

கண்காட்சியின் கடைசி வாரத்தில் அக்காவை மறுபடி கூட்டிக்கொண்டு போனார். வரமாட்டேன் என்றவளை மகள் வற்புறுத்தி அனுப்பினாள். நான்கு சட்டங்களுக்குக் கீழே சிறிய அட்டையில், ‘மழையும் மையும்’ என்று போட்டு அக்காவின் பெயர் அச்சாகியிருந்தது. குடைக்காரர் பெயரும் மீன்காரர் பெயரும் அக்கா சொல்லித்தான் தெரிந்தன; அவர்கள் பெயர்கள் பதினான்கு சட்டங்களில் இருந்தன. அக்கா தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். “எழுத்து சின்னதா இருக்கு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கூட்டம் இல்லை. இரண்டு பேரும் சட்டம் சட்டமாக நடந்தார்கள். அட்டை இல்லாத ஒரு பக்கத்தின் முன்னால் அக்கா நின்றாள்.

“இது என்னுதாடா?”

அவர் துணிப்பையில் இருந்து பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். “ஆமாக்கா. சீப்பு.”

“இது?”

“இதுவும் சீப்பு.”

“அது?”

“அது மட்டும் குடைக்கா. டாக்டர் விளக்குல தப்பிச்ச ஒண்ணு.”

அக்கா தலையாட்டிக்கொண்டாள். அடுத்ததுக்குப் போனாள், மறுபடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஆட்டோவில் கைப்பையை இறுக்கிக்கொண்டு ‘நான்டா’ என்று சொன்னவள், ஒவ்வொரு சட்டத்துக்கும் அவர் விரல் வரியைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தாள். அட்டை இல்லாத பதினேழாம் பக்கத்தில் அவரால் பொறுக்க முடியவில்லை. பதிவேட்டை மூடினார். கப்பல் தலைவன் துறைமுகத்தில் தனியாக நிற்கிற படம் அது. மழை அவன் தோளில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. பார்க்கிற யாரும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

“நீயே பாத்துச் சொல்லுக்கா.”

அக்கா கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். அருகே போனாள், பின்னால் வந்தாள். வலது கை விரல்கள் தாமாக எதையோ பிடிப்பதுபோல் சேர்ந்தன; பிறகு பிரிந்தன.

“நல்லாப் போட்டிருக்காங்க” என்றாள். “யாருன்னு தெரியலடா.”

“சீப்புதான்க்கா.”

“அப்படியா?” என்றாள் அக்கா. பிறகு, அவருக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, அவர் கையில் இருந்த பதிவேட்டைத் தட்டினாள். “நீ எழுதி வச்சிருந்தா சரியாத்தான் இருக்கும்.”